அடுப்பை ஆளுங்கள்!

காலைக்கு என்ன? மதியத்துக்கு என்ன? ராத்திரிக்கு என்ன?

நாளுக்கு மூன்று கேள்விகள். வாரத்துக்கு 21. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். இந்த ஆயிரம் கேள்விகளுக்கும் விடை சொல்லும் பொறுப்பைப் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர்தான் சுமக்கிறார். அலுவலக வேலையை முடித்துவிட்டு, பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி, தக்காளி இருக்கிறதா, தேங்காய் இருக்கிறதா என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை வைக்கும் முன்பே "அம்மா, பசிக்குது" என்று குரல் வருகிறது. முகம் கழுவ நேரமில்லை. வெங்காயம் உரிக்கத் தொடங்குகிறார். ஒன்பது மணிக்குச் சாப்பாடு. பத்து மணிக்குப் பாத்திரம். பதினொன்றுக்குப் படுக்கை. ஐந்து மணிக்கு அலாரம்.

இது உங்கள் கதையா? அப்படியானால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். உங்களிடம்தான் பேசுகிறேன்.

உங்களிடம் திறமைக்குக் குறைவில்லை. உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் அந்த உழைப்பு ஒவ்வொரு நாளும் பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிகிறது. நேற்று வதக்கிய மசாலா இன்றைக்கு உதவவில்லை. இன்று வேகவைத்த பருப்பு நாளைக்கு உதவப் போவதில்லை. ஒரு முறை செய்து நான்கு முறை பலன் எடுக்க வேண்டிய வேலையை, நான்கு முறை செய்து ஒவ்வொரு முறையும் களைத்துப்போகிறீர்கள். அதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள்! வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் சேர்த்துச் சமையுங்கள். ஃபிரீசரில் அடுக்கி வையுங்கள். மற்ற நாட்களின் மாலைப் பொழுதை உங்கள் கைக்கே திருப்பி வாங்குங்கள்!

உங்கள் நேரத்தின் விலை என்ன?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்றது அந்தக் கணக்கு. வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 289 நிமிடங்களை ஏழால் பெருக்கிப் பாருங்கள். வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய இன்னொரு முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, வார விடுப்பு கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அந்தப் பெண்ணின் ஷிப்ட் ஆலையின் வாசலில் முடிந்துவிடுகிறதா? அடுத்த ஷிப்ட் வீட்டு அடுப்பில் அல்லவா காத்திருக்கிறது!

உங்கள் நேரத்துக்கு விலை இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். "என் ஒரு மணி நேரம் விலை உயர்ந்தது. அதை வீணடிக்க யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை." இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தன்னம்பிக்கை மேடையில் மட்டும் பிறப்பதில்லை. புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு, பதற்றமில்லாமல் வீட்டுக்குள் நுழைகிற ஒருவரின் நடையிலும் பிறக்கிறது.

"ஃபிரீசர் சாப்பாடா? சீ!"

தொடங்கியதும் முதல் அம்பு இப்படித்தான் வரும். "அன்னன்னைக்குச் சமைச்சாத்தான் சாப்பாடு. மிச்சமெல்லாம் பழசு."

சொல்கிறவரிடம் பணிவோடு கேளுங்கள்: இட்லி மாவை அன்றன்றா ஆட்டுகிறோம்? ஒரு நாள் ஆட்டி, நான்கைந்து நாள் இட்லியும் தோசையும் ஊத்தப்பமுமாக ஓட்டுகிறோமே, அதற்கு என்ன பெயர்? சேர்த்துச் சமைப்பதுதான்! கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கும் அளவுக்குப் புகழ் பெற்றது எதனால்? ஒரே நாளில் வாரத்துக்கான மாவை ஆட்டிவிட முடியும் என்ற விடுதலையை அது நம் வீடுகளுக்குக் கொடுத்தது. புளிக்காய்ச்சலை ஒரு ஜாடி கிண்டி வைத்த பாட்டி யார்? சித்திரை வெயிலில் வடகமும் வத்தலும் பிழிந்து மழைக்காலத்தைக் கரையேற்றியவர் யார்? ஆட்டிறைச்சியில் மஞ்சளும் உப்பும் தடவி, நூலில் கோத்து உப்புக்கண்டம் போட்டவர் யார்? ரமலான் பிறக்கும் முன்பே சமோசாக்களை மடித்துப் பெட்டி பெட்டியாக ஃபிரீசரில் அடுக்கும் வீடுகளைப் பார்த்ததில்லையா? மகளின் பிள்ளைப்பேற்றுக்கு அமெரிக்கா போகும் அம்மாக்கள், ஊர் திரும்பும் முன் சாம்பாரும் குழம்புமாகச் சமைத்து, டப்பாவில் பெயர் எழுதி, ஃபிரீசரை நிரப்பிவிட்டுத்தானே விமானம் ஏறுகிறார்கள்? அந்தச் சாப்பாட்டை எந்த மகளாவது பழசு என்று சொன்னதுண்டா?

நம் முன்னோர் உப்பையும் வெயிலையும் எண்ணெயையும் புளிப்பையும் காவலுக்கு வைத்தார்கள். உங்களுக்குக் குளிர் என்னும் காவலாளி கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. பயன்படுத்தத் தயங்குவது ஏன்?

அறிவியலும் உங்கள் பக்கம்தான். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912-இல், இன்று கனடாவில் இருக்கும் லாப்ரடார் பகுதிக்குப் போனார். அங்கே இனுயிட் மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடித்தார்கள். வெளியே எடுத்த மீன் கடுங்குளிர்க் காற்றில் கண நேரத்தில் கல்லாக உறைந்தது. மாதங்கள் கழித்துச் சமைத்தபோதும் அதில் புதுமீன் ருசி. காரணத்தை அவர் கண்டுபிடித்தார். மெதுவாக உறைந்தால் உணவுக்குள் பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுக்களைக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் வடிந்து சக்கையாகிவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் நுண்ணியவை, ருசி நிற்கும். இதை நம்பித் தொடங்கிய முதல் நிறுவனம் 1924-இல் திவாலானது. அவர் மீண்டும் எழுந்தார். மெல்லிய பொட்டலங்களை இரண்டு குளிர்ந்த தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1929-இல் அவருடைய தொழிலும் காப்புரிமைகளும் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு விலைபோயின!

அவர் கற்றுத்தந்த சூத்திரம் இன்று உங்கள் சமையலறைக்கும் பொருந்தும். பெரிய டப்பா நிறையக் குழம்பை ஊற்றி வைத்தால் நடுப்பகுதி உறைய நெடுநேரம் ஆகும். அதே குழம்பைக் கெட்டியான ஜிப் கவரில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, தட்டில் தட்டையாகப் படுக்க வைத்தால் விரைவில் உறையும், ருசி கெடாது, உருகுவதும் சீக்கிரம். உறைந்த பிறகு புத்தகம்போல நிறுத்தி அடுக்கினால் இடமும் மிச்சம்.

281 அடிகளை 45 ஆக்கிய பெண்

லில்லியன் கில்பிரெத். இந்தப் பெயரை மறக்காதீர்கள். 1878-இல் அமெரிக்காவில் பிறந்தவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் ஃபிராங்க்கோடு சேர்ந்து, தொழிற்சாலைகளில் வீணாகும் அசைவுகளைக் குறைத்து வேலையை எளிதாக்கும் ஆய்வுகளை நடத்தியவர். 1924 ஜூன் மாதம் கணவர் திடீரென்று இறந்தார். வீட்டில் 11 குழந்தைகள்!

அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்தாரா? கணவர் பேச ஒப்புக்கொண்டிருந்த மாநாடுகளுக்காக, சில நாட்களிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். திரும்பி வந்தபோது அடுத்த அடி விழுந்தது. கணவர் இருந்தவரை வேலை கொடுத்த ஆலைகள், ஒரு பெண்ணின் பொறியியல் ஆலோசனை வேண்டாம் என்று ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மறுத்தன. ஒரு கதவு மூடியதும் அவர் சமையலறையின் கதவைத் திறந்தார். "ஆலையில் ஒரு தொழிலாளி வீணாகக் குனிந்தால் முதலாளிக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்க்கிறீர்களே, வீட்டில் ஒரு பெண் நாள் முழுக்க வீணாக நடப்பதை யார் கணக்குப் பார்த்தது?" என்னும் கேள்வியே அவர் வேலையின் அடிநாதம்.

அடுப்பு எங்கே, மேடை எங்கே, பாத்திரம் எங்கே என்று அளந்தார். ஒரு ஸ்ட்ராபெரி கேக் செய்ய 281 காலடிகள் நடக்க வேண்டியிருந்த சமையலறையை மாற்றியமைத்து, 45 அடிகளில் முடித்துக் காட்டினார். 1965-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான். ஒரு சுவையான செய்தி: அவருக்குச் சமையல் அவ்வளவாக வராது! கைப்பக்குவத்தில் பின்தங்கியவர், திட்டத்தால் உலகச் சமையலறைகளின் அமைப்பையே மாற்றினார்.

உங்களுக்கோ கைப்பக்குவமும் இருக்கிறது. திட்டம் மட்டும் சேர்ந்துவிட்டால் உங்களை யார் தடுக்க முடியும்?

முழுச் சாப்பாடு வேண்டாம், அடித்தளம் போதும்

முதல் வாரமே 21 வேளைச் சாப்பாட்டையும் சமைத்துக் குவிக்கப் புறப்படாதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் இரண்டாம் வாரமே கைவிட்டுவிடுவார்கள். நம் சமையலில் நேரத்தைத் தின்பவை சில அடிப்படை வேலைகள்தான். அவற்றை மட்டும் பிடியுங்கள்.

ஒன்று, வெங்காயத் தக்காளி மசாலா. ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ தக்காளி, இஞ்சி பூண்டு விழுது சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கிவிட்டால் நான்கு பேர் வீட்டுக்கு நான்கைந்து குழம்புகளுக்குத் தாங்கும்.

இரண்டு, பருப்பும் பயறும். அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி, துவரம்பருப்பு எல்லாமே வெந்தபின் அழகாக உறையும்.

மூன்று, தேங்காய். மூன்று காயைத் துருவி ஒரு வேளைக்கான பொட்டலங்களாகக் கட்டிவிட்டால், காலையில் சட்னிக்கு மிக்ஸியைச் சுற்றுவது மட்டுமே வேலை.

நான்கு, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புத் தொக்கு, தக்காளித் தொக்கு. எண்ணெயும் புளிப்பும் நிறைந்த இவை ஃபிரீசரில் கம்பீரமாக நிற்கும்.

ஐந்து, சப்பாத்தியும் இட்லியும். சப்பாத்தியை லேசாகச் சுட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். ஆறிய இட்லியை உறைய வைத்து, வேண்டும்போது ஆவியில் வைத்தால் மெத்தென்று எழுந்து வரும்.

அசைவம் சாப்பிடும் வீடா? கோழியைக் கழுவி, மசாலா பிசறி, ஒரு வேளைக்கான பங்குகளாகப் பிரித்து, ஒழுகாத கவரில் கட்டி அடித்தட்டில் தனியாக வையுங்கள். கோலா உருண்டையைப் பொரிக்காமல் உருட்டி உறைய வையுங்கள்.

எதை வைக்கக் கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். களத்தை அறியாமல் போருக்குப் போகக் கூடாது! உருளைக்கிழங்கு உறைந்து உருகினால் மணல்போல நறநறக்கும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். மோர்க்குழம்பு திரிந்து போகும். வெள்ளரி, பூசணி போன்ற நீர்க்காய்கள் துவண்டு விழும். வடை மொறுமொறுப்பை இழக்கும். குழம்பில் உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் சூடாக்கும் நாளில் சேருங்கள்.

ருசியின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். தாளிப்பை மட்டும் ஃபிரீசருக்கு அனுப்பாதீர்கள். கொதித்து இறக்கும் நேரத்தில் கடுகு வெடித்து, பச்சைக் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, சொட்டு நல்லெண்ணெய் விட்டால், "இப்பத்தான் சமைச்சியா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று சொல்லுங்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது!

ஞாயிறு, மூன்று மணி நேரம்

போர் சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. கொண்டைக்கடலையையும் ராஜ்மாவையும் தனித்தனியாக ஊறவைத்துவிட்டுப் படுங்கள். ஃபிரீசரில் இருக்கும் மர்மப் பொட்டலங்களை வெளியேற்றி இடம் பண்ணுங்கள்.

ஞாயிறு காலை, முதல் அரை மணி நேரம் கத்திக்கு. வெங்காயம், தக்காளி, பூண்டு, இஞ்சி மொத்தமும் ஒரே மூச்சில் உரித்து நறுக்கப்பட வேண்டும். பிறகு ஒரு அடுப்பில் குக்கர், பக்கத்து அடுப்பில் அகலமான கடாய். குக்கரில் முதலில் பருப்பு, அடுத்து கடலை, அடுத்து ராஜ்மா. விசில் வரும் இடைவெளியில் கடாயில் மசாலா வதங்குகிறது. அது சுருளும் நேரத்தில் தேங்காய் துருவப்படுகிறது. மசாலாவை இறக்கியதும் அதே கடாயைக் கழுவாமல் தக்காளித் தொக்குக்கு வையுங்கள். ஒட்டியிருக்கும் ருசி வீணாகாது, ஒரு பாத்திரமும் மிச்சம். கடைசி முக்கால் மணி நேரம் ஆறவைக்க, பங்கு பிரிக்க, பெயர் எழுத.

குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே ஒரு பொட்டலம். ஒவ்வொன்றின்மேலும் பெயரும் தேதியும் எழுதியாக வேண்டும். உறைந்தபின் சாம்பாருக்கும் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது! முன்னால் வைத்ததை முன்னால் எடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஆகவே டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் தளும்பத் தளும்ப ஊற்றினால் வெடித்துவிடும்.

இப்போது வாரத்தைப் பாருங்கள். திங்கள்: வெந்த பருப்பு இருக்கிறது, காயும் புளித்தண்ணீரும் சாம்பார்ப் பொடியும் சேர்ந்தால் சாம்பார். செவ்வாய்: சுடுசோற்றில் தக்காளித் தொக்கு, தொட்டுக்கொள்ள அப்பளம். புதன்: மசாலாப் பொட்டலம் ஒன்று, கடலைப் பொட்டலம் ஒன்று, பத்து நிமிடக் கொதி, சன்னா மசாலாவும் சப்பாத்தியும். வியாழன்: முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிய கோழி, அதே மசாலாவில். வெள்ளி: ராஜ்மா. எந்த மாலையும் அடுப்படியில் அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. "என்ன சமைப்பது?" என்ற கேள்வி ஞாயிற்றுக்கிழமையே செத்துப்போய்விட்டது!

துணிச்சலுக்கும் ஒழுக்கம் வேண்டும்

தன்னம்பிக்கை வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. உருகினால் அவை விழித்துக்கொள்ளும். எனவே சில கட்டளைகளுக்குக் கட்டாயம் கீழ்ப்படியுங்கள்.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிகளின் விளையாட்டு மைதானம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். 32 டிகிரியைத் தாண்டும் நம் கோடையில் ஒரு மணி நேரமே கெடு. சீக்கிரம் ஆற, ஆழமான அண்டாவிலிருந்து அகலத் தட்டுக்கு மாற்றி, மின்விசிறிக்கு அடியிலோ குளிர்ந்த நீர் நிறைந்த தாம்பாளத்திலோ வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஃபிரீசருக்குள் தள்ளினால் பக்கத்தில் இருப்பதும் இளகும்.

சோற்றை மட்டும் அன்றன்று சமையுங்கள். அரிசியில் உள்ள பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாதவை. சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அந்தக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குக்கரில் சோறு ஒன்றும் பெரிய வேலை இல்லை.

உறைந்ததை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மேடைமேல் நாள் முழுக்கக் கிடத்தி உருக்காதீர்கள். சூடாக்கும்போது வெதுவெதுப்பில் நிறுத்தாமல் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒரு வேளைப் பொட்டலமாகக் கட்டச் சொன்னது இதற்குத்தான்.

உங்கள் ஃபிரீசரின் பலத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பல ஃபிரீசர்களின் கதவில் நட்சத்திரக் குறிகள் இருக்கும்; மின்சாரச் சிக்கனத்துக்காக ஒட்டும் நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, ஒரு வாரம் தாங்கும். இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று என்றால் மைனஸ் 18, மூன்று மாதம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டிதான் உங்களிடம் இருக்கிறதா? பரவாயில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். நமக்கு வேண்டியதும் ஒரு வாரம்தானே!

சாக்குகளுக்குப் பதில்

"நேரமே இல்லை." நேரம் இல்லாதவருக்காகவே இந்த வழி. ஓய்வாக இருப்பவர் அன்றன்று சமைக்கலாம்.

"கரண்ட் போயிடும்." மூடிய கதவைத் திறக்காமல் இருந்தால், தனிக் கதவுள்ள நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம் காக்கும். பொட்டலங்களே ஒன்றுக்கொன்று பனிக்கட்டியாக நிற்கும். இரண்டு மணி நேர மின்தடைக்கு நடுங்காதீர்கள்!

"பெரிய ஃபிரிட்ஜ் வாங்கணும்." வேண்டாம். இருப்பதில் தொடங்குங்கள். தேங்காய்ப் பொட்டலத்துக்கும் மசாலாப் பொட்டலத்துக்கும் இடம் இல்லாத ஃபிரீசர் உலகில் இல்லை.

"மாமியார் என்ன சொல்வாரோ?" அவரிடமே போய், "அத்தை, உங்க புளிக்காய்ச்சல் பக்குவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க, ஒரு மாசத்துக்குப் பண்ணி வச்சிடலாம்" என்று கேளுங்கள். எதிர்ப்பவரை ஆசிரியராக்கினால் எதிர்ப்பு எங்கே நிற்கும்?

"வெளியே ஆர்டர் பண்ணிக்கலாமே." பண்ணலாம், எப்போதாவது. களைப்பின் கட்டளைக்கு அடிபணிந்து வாரத்தில் நான்கு நாள் ஆர்டர் செய்தால், கரைவது பணம் மட்டுமில்லை. நம் வீட்டுக்கென்று இருக்கும் கைமணமும் கரைகிறது. அலைபேசியை எடுக்கும் அந்த பலவீனமான நிமிடத்தில், ஃபிரீசரில் ஒரு பொட்டலம் காத்திருக்கிறது என்ற நினைவே உங்களுக்குப் பலம்.

இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல

ஐயா, இந்தப் பகுதி உங்களுக்கு. 88 நிமிடங்கள் என்ற எண்ணை மேலே படித்தபோது எதுவும் உறுத்தவில்லையா? உறுத்தியிருந்தால் நல்லது.

ஞாயிறு காலை நீங்கள் கத்தியைக் கையில் எடுங்கள். கல்யாண வீடுகளில் அண்டா அண்டாவாக நறுக்கிக் கிளறிப் பரிமாறுகிற மாஸ்டர்கள் பலரும் ஆண்கள்தானே? ஆயிரம் பேருக்குச் சமைப்பது ஆணுக்குப் பெருமை, நான்கு பேருக்குச் சமைப்பது மட்டும் இழுக்கா? ஒரு கிலோ வெங்காயம் உரித்துவிட்டுப் பிறகு பேசுவோம்! "உதவி பண்றேன்" என்ற வார்த்தையையும் விட்டுவிடுங்கள். சாப்பிடுகிறவர் சமைப்பது உதவியா? பங்கு.

பிள்ளைகளையும் இழுத்து வாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை பட்டாணி உரிக்கலாம், பொட்டலத்தின்மேல் பெயர் எழுதலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேங்காய் துருவலாம், ஃபிரீசர் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மகனென்றும் மகளென்றும் பிரிக்காதீர்கள். வெளியூர் விடுதிக்கும் வேலைக்கும் போகப் போகிற பிள்ளைக்கு, பத்து நாள் பசியைத் தானே சமாளிக்கத் தெரிவதைவிடப் பெரிய சீதனம் என்ன இருக்கிறது? அதுவும் தன்னம்பிக்கைப் பாடமே. எந்தப் பள்ளியிலும் கிடைக்காத பாடம்.

நான்கு பேர் இறங்கினால் மூன்று மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும். ஒருவர் மட்டும் ஞாயிறு முழுக்க வெந்து, மற்ற மூவர் வாரம் முழுக்கச் சாப்பிடுவது திட்டமில்லை. பழைய அநியாயத்தின் புதிய அட்டவணை. அதை அனுமதிக்காதீர்கள்!

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

வார நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் மிச்சமானால்கூட ஐந்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று போனாலும் இரண்டு மணி நேரம் உங்கள் கணக்கில் வரவு. குடும்பமே கைகொடுத்தால் வரவு இன்னும் கூடும். ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல்!

அந்த நூறு மணி நேரத்தை மீண்டும் துடைப்பத்துக்கும் துணி மடிப்பதற்கும் கொடுத்துவிடாதீர்கள். பாதியில் விட்ட பட்டப்படிப்பு இருக்கிறதா? துறைத்தேர்வு எழுத ஆசையா? பாட்டு, தையல் தொழில், நடைப்பயிற்சி, வாசிக்க வாங்கி வைத்த நாவல், மகனோடு பத்து நிமிட அரட்டை, அல்லது எதுவுமே செய்யாமல் காலை நீட்டி உட்காரும் உரிமை. எதுவானாலும் அது உங்கள் விருப்பமாக இருக்கட்டும். எனக்கென்று ஒரு மணி நேரம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். தன்னை மதிக்கத் தெரிந்தவரைத்தான் வீடும் மதிக்கும், ஊரும் மதிக்கும்.

பெரிய மாற்றங்கள் பெரிய சபதங்களில் தொடங்குவதில்லை. இந்தச் சனிக்கிழமை இரவு, படுக்கப் போகும் முன், இரண்டு கப் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போடுங்கள். அவ்வளவுதான். ஞாயிறு காலை அது ஊறிப் பெருத்துக் காத்திருக்கும், பின்வாங்க முடியாது. வேகவையுங்கள், ஆறவையுங்கள், இரண்டாகப் பிரியுங்கள், தேதி எழுதுங்கள், ஃபிரீசரில் வையுங்கள். அடுத்த வாரம் மசாலா சேரட்டும். அதற்கடுத்த வாரம் தேங்காயும் தொக்கும் சேரட்டும். ஒரு மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் உங்கள் திட்டப்படி நடக்கும்.

ஒரு குடும்பத்தையே நாள்தோறும் ஊட்டி வளர்க்கும் கைகள் உங்களுடையவை. அந்தக் கைகளால் ஒரு வாரத்தைத் திட்டமிட முடியாதா? முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். குடும்பத்தையும் கூப்பிடுங்கள். அடுப்பு உங்களுக்கு வேலை செய்யட்டும்!